அக்காவின் மாத்திரை டப்பாவும் குன்னூர் எலிகளும்



பி.காம் படிக்கிறவனுக்கு விட்டமின் ஆராய்ச்சி எதற்கு என்று கேட்காதீர்கள். இந்தக் கட்டுரை ஆரம்பித்ததே ஒரு மருந்துக்கடை ரசீதில்தான். ரசீது என்றால் அது எங்கள் டிபார்ட்மெண்ட் ஆயிற்றே!

எங்கள் அக்காவுக்குக் கல்யாணம் ஆகி நாலு வருஷம் ஆகிறது. பெரம்பலூர் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற ஊர். இன்னும் குழந்தை இல்லை. காதுகுத்து, வளைகாப்பு என்று எங்கே போனாலும் "என்னம்மா, ஏதும் விசேஷம் உண்டா?" என்று ஒருவராவது கேட்டுவிடுவார்கள். அதனாலேயே அக்கா இப்போதெல்லாம் விசேஷ வீடுகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள்.

போன மாதம் அரியலூரில் காலேஜ் முடிந்து, சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் ஆடி ஆடி அக்கா வீட்டுக்குப் போனேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு டப்பா இருந்தது. பக்கத்திலேயே மடித்து வைத்த ரசீது. முப்பது மாத்திரை, ஆயிரத்து நானூறு ரூபாய். விட்டமின் ஈ, விட்டமின் சி, துத்தநாகம், செலீனியம், கோ-என்சைம் க்யூ10 என்று லேபிளில் பெரிய பட்டியல். கடைசியில் பொடி எழுத்தில் ஃபோலிக் அமிலம்.

"ஆறு மாசமா சாப்பிடறேன் தம்பி. கருமுட்டைக்கு நல்லதுன்னு சொன்னாங்க. நெசமாவே நல்லதுதானாடா?" என்று கேட்டாள்.

ஆறு மாசம் என்றால் எட்டாயிரத்து நானூறு ரூபாய். பருத்தி எடுக்கப் போய்ச் சேர்த்த காசு. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் ஒரு மாதமாகப் படித்தேன். தேடப் போன இடத்தில் நூறு வருஷக் கதை கிடைத்தது. அதில் பாதி நம்ம ஊர்க் கதை!

பேரிலேயே பிள்ளைப்பேறு

முதலில் விட்டமின் ஈ. இதன் கதை 1922-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. ஹெர்பர்ட் எவான்ஸ், கேத்தரின் பிஷப் என்ற இருவர் எலிகளுக்குச் சுத்திகரித்த உணவை மட்டும் கொடுத்து வளர்த்தார்கள். எலிகள் நன்றாகவே வளர்ந்தன. கருவும் தரித்தன. ஆனால் குட்டி பிறக்கவில்லை. கரு வயிற்றுக்குள்ளேயே இறந்து கரைந்துபோனது. உணவில் லெட்யூஸ் கீரையைச் சேர்த்ததும் குட்டிகள் பிறந்தன. கோதுமை முளை எண்ணெயிலும் அதே பலன் கிடைத்தது.

1936-ல் எவான்ஸ் குழுவினர் அந்தச் சத்தைத் தனியாகப் பிரித்தெடுத்து டோகோஃபெரால் என்று பேர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் 'டோகோஸ்' என்றால் பிள்ளைப்பேறு. பிள்ளைப்பேறைத் தாங்கி வருவது என்கிற பொருளில் வைத்த பேர்.

பேரிலேயே பிள்ளைப்பேறு இருந்தால் விற்பனைக்குக் கேட்கவா வேண்டும்? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த எலிகளுக்கு விட்டமின் ஈ கொஞ்சமும் இல்லாத உணவு கொடுக்கப்பட்டது. நாம் சாதாரணமாகச் சாப்பிடுகிற வேர்க்கடலையிலும் எண்ணெயிலும் அது இருக்கிறது. சுத்தமாக இல்லாதவருக்குக் கொடுத்தால் குணம் தெரியும். ஏற்கனவே இருப்பவருக்கு இன்னும் கொட்டினால் இன்னும் நல்லது நடக்குமா? இது வேறு கேள்வி. தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டிய கேள்வி. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

பம்பாயில் ஒரு லேடி டாக்டர்

இப்போது டப்பாவில் பொடி எழுத்தில் இருந்த ஃபோலிக் அமிலத்துக்கு வருவோம்.

லூசி வில்ஸ் 1888-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்துவிட்டு, பிறகு லண்டனில் மருத்துவம் படித்து 1920-ல் டாக்டர் ஆனார். 1928-ல் பம்பாய் வந்தார். அப்போது அங்கே கர்ப்பிணிகளுக்கு ஒரு கடுமையான ரத்தசோகை வந்துகொண்டிருந்தது. பஞ்சாலைத் தொழிலாளர் பெண்கள், கோஷா முறையில் வீட்டுக்குள்ளேயே இருந்த ஏழை முஸ்லிம் பெண்கள் ஆகியோரை அது அதிகம் தாக்கியது. பலர் பிரசவத்தைத் தாண்டவில்லை.

இந்த ரத்தசோகை விசித்திரமானது. சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, ஒவ்வொன்றும் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கும். இரும்புச் சத்துக் குறைவில் அணு சின்னதாகும். இதில் நேர் எதிர். ஆகவே இது வேறு ஏதோ ஒரு குறை.

லூசி வில்ஸ் அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். காய்கறி, பழம், புரதம் எல்லாமே குறைவு. வசதியான வீட்டுப் பெண்களுக்கு இந்த நோய் அவ்வளவாக இல்லை. கிருமியைத் தேடுவதை விட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தேட ஆரம்பித்தார்.

குன்னூரும் திருவல்லிக்கேணியும்

இங்கேதான் நம்ம ஊர் வருகிறது. 1929-ல் லூசி வில்ஸ் நீலகிரி மலையில் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்தார். அங்கே ராபர்ட் மெக்காரிசன் நடத்திவந்த சத்துணவு ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. (அதுதான் 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. நம்ம குன்னூரில் முளைத்த விதை!)

குன்னூரில் அவர் செய்தது சுலபமான யோசனை. பம்பாய் ஏழைப் பெண்கள் சாப்பிட்ட அதே மாதிரிச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்தார். சினையான எலிகளுக்கு ரத்தசோகை வந்தது. பல எலிகள் குட்டி போடும் முன்பே செத்தன. உணவில் ஈஸ்ட் சேர்த்ததும் அது நின்றது. பிறகுதான் எலிகளுக்கு பேன் மூலம் பரவும் ஒரு கிருமித் தொற்றும் இருந்தது தெரிந்தது. அதனால் அந்தச் சோதனையை அப்படியே நம்ப முடியாத நிலை வந்தது. அவர் சோர்ந்துவிடாமல் குரங்குகளில் சோதித்தார். மார்மைட் என்கிற ஈஸ்ட் சாறு கொடுத்ததும் ரத்தசோகை வந்த குரங்கு தேறியது. மார்மைட் என்பது வெள்ளைக்காரர்கள் ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிற, பீர் தொழிற்சாலையில் மிஞ்சும் ஈஸ்ட்டில் இருந்து செய்கிற கறுப்புப் பசை. விலை மலிவு.

1931-ன் தொடக்கத்தில் அவர் சென்னை திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் இருந்தார். இன்றைய அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுதான். அதே ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவருடைய கட்டுரை வந்தது. ஈஸ்ட் சாறு கொடுத்தால் இந்தக் கர்ப்பகால ரத்தசோகை குணமாகிறது என்பதுதான் செய்தி. அதில் இருக்கும் சத்து எது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 'வில்ஸ் ஃபேக்டர்' என்று அழைத்தார்கள்.

பேர் தெரியாத சத்து, ஆனால் பலன் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. விட்டமின் ஈ-க்கு நேர்ந்தது இதற்குத் தலைகீழ். அங்கே பேர் முதலில் வந்துவிட்டது.

மெட்ராஸில் படித்த சுப்பாராவ்

1941-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் டன் கணக்கில் பசலைக் கீரையை அரைத்து அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார்கள். லத்தீனில் 'ஃபோலியம்' என்றால் இலை. அதனால் ஃபோலிக் அமிலம் என்று பேர். ஆனால் கீரையை அரைத்து மாத்திரை செய்தால் கட்டுப்படியாகுமா? ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரித்தால்தான் மலிவாகக் கிடைக்கும்.

அதைச் செய்த குழுவின் தலைவர் எல்லப்பிரகட சுப்பாராவ். 1895-ல் பீமாவரத்தில் பிறந்து, மெட்ராஸில் படித்து, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர். காந்தி சொன்னார் என்று கதர் உடுத்தியதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் கீழான எல்.எம்.எஸ். தான் கிடைத்தது என்று அவர் வரலாற்றைச் சொல்கிறவர்கள் எழுதுகிறார்கள். அவருடைய உடன்பிறந்தவர் இருவர் ஸ்ப்ரூ என்ற குடல் நோயால் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். சத்துகள் உடம்பில் சேராமல் ஆளை உருக்கிவிடும் நோய் அது.

அமெரிக்கா போய் ஹார்வர்டில் வேலை பார்த்து, பிறகு லெடர்லே என்ற மருந்து நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவர் ஆனார். 1945-ல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அவருடைய சகோதரர்களைக் கொண்டுபோன ஸ்ப்ரூவில் வரும் ரத்தசோகைக்கும் அதே ஃபோலிக் அமிலம் மருந்தானது! 1948-ல், 53 வயதில் அவர் இறந்தார். லூசி வில்ஸ் 1964-ல் காலமானார்.

பம்பாய்ப் பெண்கள், குன்னூர் எலிகள், மெட்ராஸ் மாணவர். இத்தனை பேர் சேர்ந்து கொடுத்த மாத்திரை இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

28 நாள் கணக்கு

கதை இத்தோடு முடிந்தால் அது வெறும் ரத்தசோகைக் கதை. அடுத்து வருவதுதான் அக்காவுக்கும் உங்கள் வீட்டு அக்கா, அண்ணிக்கும் சம்பந்தப்பட்டது.

வயிற்றில் கரு உருவானதும் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் முதலில் ஒரு தகடு மாதிரி இருந்து, சுருண்டு குழாயாக மூடிக்கொள்ளும். அந்தக் குழாய் சரியாக மூடாவிட்டால் குழந்தை முதுகுத்தண்டில் பிளவுடன் பிறக்கும், அல்லது மண்டையோடும் மூளையும் வளராமல் பிறந்து பிழைக்காமல் போகும். ஃபோலிக் அமிலம் இதைத் தடுக்குமா என்று பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 7 நாடுகளில், 33 மையங்களில், 1,817 பெண்களிடம் சோதித்தது. எல்லோருமே முன்பு இப்படி ஒரு குழந்தையைப் பெற்று இழந்தவர்கள் அல்லது பாதிப்போடு பெற்றவர்கள். 1991-ல் முடிவு வந்தது. ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களில் இந்தக் குறை 72 சதவீதம் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்தக் குழாய் மூடுவது கரு உருவாகி சுமார் 28 நாளுக்குள். அதாவது நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகும்போது வேலை முடிந்துவிட்டது! "முழுகாம இருக்கா" என்று வீட்டில் சொல்லி, நர்ஸம்மாவிடம் பதிவு செய்து, மாத்திரை கைக்கு வருகிறபோது அந்தக் கதவு எப்போதோ சாத்தியாகிவிட்டது.

அதனால்தான் குழந்தைக்கு முயற்சி செய்யத் தொடங்கும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் ஆரம்பித்து, 12 வாரம் வரை எடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தியாவில் 1970-லிருந்தே கர்ப்பிணிகளுக்கு இரும்பு-ஃபோலிக் அமில மாத்திரை கொடுக்கும் திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேரில் 1987-ல் மகப்பேறு நிதியுதவித் திட்டம் வந்தது, பிறகு அதில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்ந்தது. எல்லாம் நல்ல திட்டங்கள். ஆனால் பெரும்பாலும் இவை கர்ப்பத்தைப் பதிவு செய்த பிறகு கைக்கு வருகிறவை. 28 நாள் கணக்கு அதற்கு முன்பே முடிகிறது. முன்கூட்டியே நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

சரி, ஆன்டி-ஆக்சிடென்ட்?

இப்போது விட்டமின் ஈ விட்ட இடத்துக்கு வருவோம். உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது சில தீவிரமான மூலக்கூறுகள் உண்டாகின்றன. அவை அளவு மீறினால் செல்களைக் கெடுக்கும், கருமுட்டையையும் கெடுக்கலாம். அவற்றை அடக்குவது ஆன்டி-ஆக்சிடென்ட். எனவே ஆன்டி-ஆக்சிடென்ட் சாப்பிட்டால் கருமுட்டை நன்றாக இருக்கும் என்பது வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் 2011-ல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். சுண்டெலியின் சினைப்பையில் ஆன்டி-ஆக்சிடென்ட் செலுத்தியபோது முட்டை வெளிவருவதே தடைப்பட்டது. முட்டை வெடித்து வெளியே வர அந்தத் தீவிர மூலக்கூறுகள் கொஞ்சம் தேவை! உப்பு மாதிரி. இல்லாவிட்டாலும் கஷ்டம், அதிகமானாலும் கஷ்டம்.

மனிதர்களிடம்? காக்ரேன் என்ற அமைப்பு உலகம் முழுக்க நடந்த சோதனைகளைச் சேர்த்து எடை போடுகிறது. குழந்தைப்பேறு தாமதமாகும் பெண்களுக்கு ஆன்டி-ஆக்சிடென்ட் உதவுமா என்று 2020-ல் 63 சோதனைகளை, 7,760 பெண்களின் கணக்கைப் பார்த்தார்கள். பலன் இருக்கலாம் என்றார்கள். ஆனால் சாட்சியத்தின் தரம் குறைவு, மிகக் குறைவு என்றும் சேர்த்தே எழுதினார்கள். சின்னச் சின்ன சோதனைகள், சரியாக விவரம் தராதவை.

கர்ப்பகாலத்தில் என்ன ஆகிறது என்பதற்குப் பெரிய சோதனையே இருக்கிறது. பிரிட்டனில் 2006-ல், கர்ப்பகால ரத்தக்கொதிப்பு வரும் ஆபத்து உள்ள 2,410 பெண்களை வைத்து நடத்தினார்கள். விட்டமின் சி-யும் ஈ-யும் அதிக அளவில் கொடுத்தும் அது தடுக்கப்படவில்லை. எடை குறைவான குழந்தைகள் அந்தப் பக்கம்தான் கூடுதலாகப் பிறந்தன.

ஃபோலிக் அமிலம் கருத்தரிக்கவே உதவுமா? அமெரிக்காவில் 18,555 நர்சுகளை எட்டு ஆண்டு கவனித்த ஹார்வர்ட் ஆய்வில், மல்டி-விட்டமின் அடிக்கடி எடுத்தவர்களுக்கு முட்டை வெளிவராத பிரச்சினை குறைவாக இருந்தது. அதில் ஒரு பங்கு ஃபோலிக் அமிலத்தால் இருக்கலாம் என்றார்கள். ஆனால் இது கவனித்துச் சொன்னது, கொடுத்துப் பார்த்துச் சொன்னதல்ல. ஆகவே இதைச் சத்தியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று. ஊரில் எல்லா மாத்திரையும் பெண்ணுக்குத்தான். ஆணுக்கு ஒரு டெஸ்ட் கூட எடுப்பதில்லை. ஆண்களுக்கு ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் கொடுத்து 2,370 தம்பதிகளிடம் அமெரிக்காவில் சோதித்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. குழந்தை பிறப்பு கூடவில்லை. ஆகவே ஆணுக்கும் மாத்திரை டப்பா பதில் இல்லை. முதலில் இருவருக்கும் பரிசோதனை.

என் பேரேடு

கணக்கு மாணவன் என்பதால் பற்று, வரவு எழுதாமல் முடிக்க மனசு வரவில்லை.

ஒரு பக்கம் ஃபோலிக் அமிலம். காப்புரிமை இல்லை, விளம்பரம் இல்லை, விலை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சாட்சியம் மலைபோல இருக்கிறது. இன்னொரு பக்கம் ஆன்டி-ஆக்சிடென்ட் கலவை. விலை ஆயிரத்து நானூறு. சாட்சியம் 'இருக்கலாம்'. விலைக்கும் சாட்சியத்துக்கும் சம்பந்தமே இல்லை பாருங்கள்.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று போட்டிருந்தது. நம் நாட்டுச் சட்டப்படி இந்த மாதிரிச் சத்து மாத்திரைகள் உணவு வகையில் சேரும். மருந்தைப் போலக் குணமாக்கும் என்று நிரூபித்துவிட்டு விற்க வேண்டிய அவசியம் இல்லை.

அப்புறம் சாப்பாடு. தட்டைப்பயறு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, கீரை எல்லாவற்றிலும் ஃபோலேட் உண்டு. எல்லாம் நம்ம பக்கம் கிடைப்பவைதான். கீரையை வெகுநேரம் கொதிக்கவிட்டுத் தண்ணீரை இறுத்துக் கொட்டினால் சத்தும் கூடவே போகும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் 28 நாள் கணக்குக்குச் சாப்பாட்டை மட்டும் நம்பாமல் மாத்திரையும் வேண்டும். பி12 குறைவு இருந்தால் ஃபோலிக் அமிலம் அந்த ரத்தசோகையை மறைத்துவிடும், விட்டமின் ஏ அதிகமானால் கருவுக்கு ஆபத்து. அதனால் அளவை டாக்டரிடம் கேட்டே எடுங்கள். முன்பு பாதிப்புள்ள குழந்தை பிறந்திருந்தால் அளவே வேறு.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். லூசி வில்ஸ் கதையை மட்டும் இரண்டு தடவை கேட்டாள். "நம்மள மாதிரி கூலிக்குப் போற பொம்பளைங்க என்ன சாப்பிடுறாங்கன்னு ஒரு வெள்ளைக்காரம்மா கேட்டுச்சா?" என்று ஆச்சரியப்பட்டாள். பிறகு, "அப்ப இந்த ஆறு மாசக் காசு வீணாடா?" என்றாள்.

முழுக்க வீண் இல்லை அக்கா, அதில் பொடி எழுத்தில் ஃபோலிக் அமிலம் இருந்தது என்றேன். சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் இந்த விஷயத்தைப் பேசும்போது அவள் சிரித்துப் பார்த்தேன்.

மறுநாள் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸம்மாவிடம் போய் ஃபோலிக் அமில மாத்திரை வாங்கி வந்தாள். காசு இல்லை. மாமாவும் திருச்சியில் டெஸ்ட் எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். விசேஷம் உண்டா என்றால் இன்னும் இல்லை. ஆனால் சாமி படத்துக்குப் பக்கத்தில் இப்போது அந்த டப்பா இல்லை.

உங்கள் வீட்டில் கல்யாணம் நிச்சயமான அக்காவோ தங்கையோ இருந்தால் அந்த 28 நாள் கணக்கை மட்டுமாவது சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தக் கட்டுரையை அப்படியே காட்டிவிடுங்கள்.